கண்ணை மூடிக்கொண்டு ஸ்பீக்கர் வாங்குவது எப்படி?

ஸ்பீக்கர் கடைகளில் கேட்கப்படும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். கடைக்காரர் ஒரு பாட்டைப் போடுவார். ஒரு பொத்தானை அழுத்துவார். "இது ஏ." மறுபடி அழுத்துவார். "இது பி. எது சார் நல்லா இருக்கு?" நாமும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, டிசம்பர் சீசன் விமர்சகர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பி-யில பேஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்போம். பில் போட்டுவிடுவார். மொத்தம் ஐந்து நிமிட வேலை.

இந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? நானும் நம்பியிருக்க மாட்டேன். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல்களோடு குடித்தனம் நடத்துகிறவன். ஒலி, அதிர்வு, அலைநீளம் எல்லாவற்றுடனும் பள்ளிக்கூடத்தோடு உறவு முறிந்தது. என் மாமனார் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால் (அந்தக் கதை பின்னால் வருகிறது) இரண்டு மாதமாக லோக்கல் ட்ரெயினில் இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன். படித்த வரையில் எனக்குத் தெரிந்தது இது: ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ஏற்பாட்டை யார் செய்கிறாரோ, பெரும்பாலும் அவர் நினைத்த பெட்டிதான் ஜெயிக்கிறது. இதைச் சரிசெய்ய நாலைந்து பேர் படாத பாடு பட்டிருக்கிறார்கள்.

முதலில் எடிசன். ஆமாம், பல்பு எடிசனேதான்.

1912-இல் அவர் கம்பெனி 'டைமண்ட் டிஸ்க்' என்ற இசைத்தட்டையும் அதைப் பாடவைக்கும் ஃபோனோகிராஃபையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. போட்டியாளர்களைவிட விலை அதிகம். எப்படி விற்பது? 1915-இலிருந்து பத்து வருடம் அமெரிக்கா முழுக்க ஊர் ஊராகப் போய் 'டோன் டெஸ்ட்' என்று ஒரு கச்சேரி நடத்தினார்கள். மேடையில் ஃபோனோகிராஃப் பெட்டி. பக்கத்தில், அந்த இசைத்தட்டில் பாடிய அதே பாடகி. இசைத்தட்டு சுழலும், அதோடு சேர்ந்து அந்த அம்மாவும் பாடுவார். திடீரென்று வாயை மூடிக்கொள்வார். பாட்டு மட்டும் தொடரும். சபை கைதட்டும். அடுத்தது கிளைமாக்ஸ்: அரங்கத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் பாட்டு போய்க்கொண்டே இருக்கும். விளக்கு வந்தால் மேடையில் பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருக்கும், பாடகியைக் காணோம்!

1916-இல் நியூயார்க்கின் கார்னெகி ஹாலிலேயே மேரி ராப்போல்ட் என்ற ஆபரா பாடகியை வைத்து இதை நடத்தினார்கள். நிஜக் குரலுக்கும் இசைத்தட்டுக் குரலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றே பலரும் சொன்னார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அது மின்சார மைக்கே ரெக்கார்டிங்குக்கு வராத காலம். ஒரு பெரிய குழலுக்குள் பாட வேண்டும், அந்த அதிர்வே ஊசியை அசைத்துத் தட்டில் கோடு போடும். அடிமட்ட பேஸும் கிடையாது, உச்சத்தில் இருக்கும் சன்னமான ஒலிகளும் கிடையாது. நடுவில் இருக்கும் ஒரு துண்டு மட்டும்தான் பதிவாகும். அதைக் கேட்டா ஏமாந்தார்கள்?

அன்னா கேஸ் என்பவர் இந்த டோன் டெஸ்ட்களில் நிறையப் பாடியவர். அவர் ரொம்ப வருடம் கழித்து, முதுமையில், ரகசியத்தைச் சொல்லிவிட்டார். மேடையில் தன் குரலை அந்தப் பெட்டியின் ஒலிக்குத் தகுந்த மாதிரி தணித்துப் பாடுவாராம். அதாவது, பெட்டி மனுஷி மாதிரி பாடவில்லை, மனுஷிதான் பெட்டி மாதிரி பாடியிருக்கிறார். ஒப்பீடு என்றால் ஒரு பக்கமாவது அசையாமல் நிற்க வேண்டும் இல்லையா? எங்கள் கிளைக்கு வரும் நகை மதிப்பீட்டாளரின் உரைகல், தேய்க்கிற நகைக்குத் தகுந்தபடி நிறம் மாற்றிக்கொண்டால் வங்கி என்ன ஆகும்!

இதில் இன்னொரு விஷயம். எடிசனுக்குச் சின்ன வயதிலிருந்தே காது சரியாகக் கேட்காது. வயதாக ஆக இன்னும் மோசம். ஆனாலும் எந்தப் பாடகர் வேண்டும், எந்தத் தட்டு வெளிவர வேண்டும் என்பதையெல்லாம் அவரே கேட்டுத் தீர்மானிப்பார். எப்படி? ஃபோனோகிராஃபின் மரச்சட்டத்தைப் பல்லால் கடித்துக்கொள்வாராம். அதிர்வு பல் வழியாக எலும்புக்குப் போய் உள்காதுக்குப் போகும். உலகத்தின் முதல் ஆடியோ கம்பெனி முதலாளி பல்லால் பாட்டு கேட்டிருக்கிறார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், காது கேளாமை விஷயம் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

அப்புறம் இங்கிலாந்தில் கில்பர்ட் பிரிக்ஸ் என்று ஒருவர். ஜவுளி வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், 1932-இல் வீட்டு நிலவறையில் ஸ்பீக்கர் செய்ய ஆரம்பித்து வார்ஃப்டேல் கம்பெனியை உண்டாக்கினார். 1954 நவம்பரில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், மேடையில் நிஜ வாத்தியம், அதன்பின் அதே வாத்தியத்தின் ரெக்கார்டிங் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்காட்டினார். அரங்கு நிறைந்த கூட்டம். அடுத்த வருடம் அதே கார்னெகி ஹாலுக்கும் போய் நடத்தினார். எடிசன் கோஷ்டி மாதிரி விளக்கணைக்கும் வித்தை இல்லை, எது நிஜம் எது ரெக்கார்டு என்று சொல்லிவிட்டே போடுவார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. ஆனால் அவருடைய பெட்டிகள் எல்லாம் நம் வீட்டு பீரோ சைஸ்.

ஏன் அவ்வளவு பெரிசு? இங்கேதான் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரின் கதை ஆரம்பிக்கிறது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. பேஸ் வேண்டுமென்றால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், கூம்பு தாராளமாக ஆட வேண்டும். சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினால் உள்ளே இருக்கும் காற்று கூம்பை ஆட விடாது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள், திருப்பித் தள்ளும் இல்லையா, அதேதான். அதனால் பேஸ் வேண்டுமென்றால் பெரிய பெட்டிதான் என்பது அப்போது எழுதாத சட்டம்.

எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் இதைத் திருப்பிப் போட்டார். காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது என்றால், ஸ்பீக்கருக்குள் இருக்கும் விறைப்பான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, காற்றையே ஸ்பிரிங்காக வைத்துக்கொண்டால் என்ன? கூம்பைத் தொளதொள என்று தொங்கவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டார். உலோக, துணி ஸ்பிரிங்கைவிடக் காற்று ஒழுங்கான ஸ்பிரிங். அதனால் சின்னப் பெட்டியிலேயே ஆழமான, சுத்தமான பேஸ் வந்தது. இந்த யோசனையைப் பெரிய கம்பெனிகளுக்கு விற்கப் பார்த்தார், யாரும் சீந்தவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அவரிடம் மாலை வகுப்பு படித்த ஹென்றி க்ளாஸ் என்ற பையன்தான் "வாங்க சார், நாமே செய்வோம்" என்று கிளப்பிவிட்டார். 1954-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அக்கௌஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனி பிறந்தது. சுருக்கமாக ஏ.ஆர்.

முதல் மாடல் ஏ.ஆர்-1, 1958-இல் வந்த புகழ்பெற்ற ஏ.ஆர்-3, இரண்டும் 25 அங்குலம் நீளம், 14 அங்குலம் அகலம், 11 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட ஆழம். எடை இருபது கிலோவுக்கும் மேல். இதைப் 'புத்தக அலமாரி' ஸ்பீக்கர் என்றார்கள்! அமெரிக்கர்களின் அலமாரி அவ்வளவு கெட்டி போலிருக்கிறது. நம் வீட்டு ஷெல்ஃபில் வைத்தால் ஷெல்ஃபோடு சேர்த்துக் கீழே வீட்டுக்காரருக்கும் கேட்கும். :-)

அந்த நேரம் பார்த்து 1957-58-இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் வந்தன. இனி ஒரு வீட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். ஒரு பீரோவுக்கே முகம் சுளித்த இல்லத்தரசிகள் இரண்டு பீரோவுக்கு ஒப்புக்கொள்வார்களா? சின்னப் பெட்டி ஜெயித்தது.

வில்ச்சரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய கடை. கடை என்று சொல்வதே தப்பு. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குள் ஏ.ஆர். ஒரு அறையைத் திறந்தது. நம் சி.எஸ்.டி. மாதிரி, லட்சக்கணக்கான பேர் வந்துபோகிற இடம். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து ஸ்பீக்கரைக் கேட்கலாம். அங்கே எதையும் விற்க மாட்டார்கள். விற்பனையாளரே கிடையாது. பிடித்திருந்தால் வேறு எங்காவது கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள். (நம் வங்கிகளில் இன்ஷூரன்ஸ் விற்கும் மேஜைகளைப் பற்றி இந்த இடத்தில் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.)

ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற நால்வர் தந்தி வாத்தியக் குழுவை வைத்து நிஜமா-ரெக்கார்டா நிகழ்ச்சிகளையும் நடத்தினார். 75-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். ரெக்கார்டிங்கைத் திறந்த வெளியில் செய்தார்கள். அறைக்குள் பதிவு செய்தால் அந்த அறையின் எதிரொலியும் இந்த அரங்கின் எதிரொலியும் சேர்ந்து இரண்டு மடங்காகிவிடும், குட்டு உடைந்துவிடும். வாசிப்பவர்கள் நடுவில் வில்லைத் தந்திமேல் படாமல் இழுத்துக்கொண்டே இருப்பார்கள், ஒலி ஸ்பீக்கரிலிருந்து வரும். எந்த இடத்தில் மாறியது என்று பெரும்பாலானோரால் சொல்ல முடியவில்லை. ஆக, எடிசன் செய்த அதே வித்தை, ஆனால் இங்கே வாத்தியக்காரர்கள் தங்கள் ஒலியைக் குறைத்துக்கொள்ளவில்லை. 1966 வாக்கில் அமெரிக்க ஹை-ஃபை ஸ்பீக்கர் சந்தையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஏ.ஆர். கையில் இருந்தது.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் ஏ.ஆர். தடுமாறியது. எங்கே தெரியுமா? கடையில்.

சின்ன மூடிய பெட்டியில் ஆழமான பேஸ் வேண்டுமென்றால் ஒரு விலை கொடுத்தாக வேண்டும்: அதே மின்சாரத்துக்குக் குறைவான சத்தம்தான் வரும். அமெரிக்கக் கடைகளில் சுவர் நிறைய ஸ்பீக்கர்களை அடுக்கி, ஒரே ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, ஸ்விட்சைத் தட்டித் தட்டி மாற்றிக்காட்டும் வழக்கம் வந்தது. நாம் ஆரம்பத்தில் பார்த்த "ஏ, பி" இதுதான். வால்யூம் பொத்தானைத் தொடாமல் மாற்றினால், அதிகச் சத்தம் போடும் பெட்டி 'நன்றாக' இருப்பதாகத் தோன்றும். இது நம் காதின் குணம். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள்: சத்தம் குறைந்தால் நம் காது பேஸைத்தான் முதலில் தொலைக்கும். சத்தம் கூடினால் பேஸ் திரும்பி வரும். ஒரு டெசிபல் வித்தியாசத்தை "இது சத்தமா இருக்கு" என்று யாரும் உணர மாட்டார்கள். "இது தெளிவா இருக்கு, உயிரோட்டமா இருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு இதைப் படித்ததும் ஃப்ளாட் வட்டி ஞாபகம் வந்தது. ஒரு தனியார் ஃபைனான்ஸ்காரர் "எட்டே பர்சென்ட் சார்" என்பார். நாங்கள் 11 என்போம். வாடிக்கையாளர் எட்டுக்குப் போய்விடுவார். எட்டு ஃப்ளாட் வட்டி, பதினொன்று குறையும் இருப்பின் மீதான வட்டி. ஐந்து வருடக் கடனில் 8 சதவீத ஃப்ளாட் என்பது குறையும் இருப்புக் கணக்கில் கிட்டத்தட்ட 14 சதவீதம். இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் நஷ்டம் யாருக்கு? சத்தத்தைச் சமப்படுத்தாமல் இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடுவதும் அதே கணக்குதான்.

ஸ்காட்லாந்தின் லின் கம்பெனி (1973) இன்னொரு கோடிக்குப் போய், ஒரு நேரத்தில் அறைக்குள் ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான் இருக்க வேண்டும் என்றது. சும்மா நிற்கும் மற்ற ஸ்பீக்கர்களின் கூம்புகளும் சேர்ந்து அதிரும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருந்தாலும், ஒரு ஜோடிதான் இருந்தால் எதோடு ஒப்பிடுவது என்று எனக்குப் புரியவில்லை.

விற்க வேண்டிய கட்டாயமே இல்லாதவர்கள் செய்த ஸ்பீக்கர் ஒன்று உண்டு. பி.பி.சி.-யின் எல்.எஸ்.3/5ஏ. வெளியிடங்களிலிருந்து ஒலிபரப்பும் வேன்களுக்குள் வைக்க ஒரு குட்டி ஸ்பீக்கர் தேவைப்பட்டது. 1970-களின் முற்பாதியில் அவர்களுடைய பொறியாளர்களே வடிவமைத்தார்கள். 12 அங்குலம் உயரம், ஏழரை அங்குலம் அகலம், ஆறேகால் அங்குலம் ஆழம். இதுதான் நிஜமாகவே அலமாரியில் வைக்கக்கூடிய சைஸ். ரோஜர்ஸ், ஸ்பெண்டார் போன்ற கம்பெனிகள் உரிமம் பெற்றுத் தயாரித்தன.

பி.பி.சி.-காரர்களுக்கு ஒரு பெரிய வசதி. சுவருக்கு இந்தப் பக்கம் ஸ்பீக்கர், அந்தப் பக்கம் ஸ்டூடியோவில் நிஜ மனிதர். எழுந்து போய் நேரில் கேட்டுவிட்டு வந்து ஸ்பீக்கரில் கேட்கலாம். அதுவும் அவர்கள் அதிகம் நம்பியது வாத்தியத்தை அல்ல, பேச்சுக் குரலை. காரணம் எளிது. ஒரு செல்லோ எப்படி ஒலிக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தினமும் கேட்கும் மனிதக் குரலில் ஒரு சின்னப் பிசகு வந்தாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும், பெட்டிக்குள்ளிருந்து பேசுகிறார், மூக்கடைப்போடு பேசுகிறார் என்று. (இந்தக் குட்டிப் பெட்டியிலும் ஒரு சின்னக் கள்ளம் உண்டு. அடி பேஸ் வராது என்பதால் அதற்குச் சற்று மேலே கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பெரிய பெட்டி மாதிரி தோன்ற.)

நம் நாட்டில் அந்தக் காலத்தில் ஒப்பிடுவதற்கே வழியில்லை. 1991 வரைக்கும் வெளிநாட்டு ஸ்பீக்கரைக் கடையில் பார்ப்பதே அபூர்வம். கல்கத்தாவின் சோனோடைன், பம்பாயின் காஸ்மிக், பிலிப்ஸ் இவைதான். இல்லாவிட்டால் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது கொண்டுவரும் டூ-இன்-ஒன். வந்தது எதுவோ அதுதான் நல்லது. என் தலைமுறை தமிழர்களின் காதைப் பழக்கியது திருவிழா மைக்செட்டின் குழாய் ஸ்பீக்கர். புளியமரத்தில் கட்டின அஹூஜா குழாயில் கேட்டுக் கேட்டு, பாட்டு என்றாலே கொஞ்சம் தகரமாகத்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாம்.

இந்த ஒப்பிடும் கலையை ஒழுங்கு செய்தவர் என்று நான் நினைப்பது கனடாக்காரர் ஃபிளாய்ட் டூல் என்பவரை. 1965-இல் ஒட்டாவாவில் கனடா அரசின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் சேர்ந்தவர். அரசாங்க ஊழியர், எதையும் விற்க வேண்டியதில்லை. ஸ்பீக்கர்களுக்கு முன்னால் ஒலி மட்டும் புகும் திரையைத் தொங்கவிட்டார். சத்தத்தைச் சமப்படுத்தினார். ஆட்களை உட்காரவைத்து மார்க் போடச் சொன்னார். 1985, 1986-இல் வெளியான அவருடைய கட்டுரைகள் இந்தத் துறையையே மாற்றின. "ருசி ஆளுக்கு ஆள் வேறு" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அது பெரும்பாலும் பொய் என்று தெரிந்தது. கண்ணை மறைத்துவிட்டால், காது நன்றாக இருக்கிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே ஸ்பீக்கரைத்தான் நல்லது என்கிறார்கள். எந்தச் சுரத்தையும் கூட்டாமல் குறைக்காமல், நேராகவும் பக்கவாட்டிலும் சீராக ஒலி தருவதைத்தான்.

1991-இல் அவர் ஹார்மன் கம்பெனிக்குப் போனார். அங்கே ஷான் ஆலிவ் என்ற சகாவோடு 1994-இல் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. நாற்பது பேர், எல்லோரும் அந்தக் கம்பெனி ஊழியர்களே. நான்கு ஸ்பீக்கர்கள். முதலில் திரைக்குப் பின்னால், பிறகு கண்ணெதிரே. திரை இருந்தபோது ஒரு சின்ன, விலை குறைந்த பிளாஸ்டிக் செட் பெரியவற்றோடு சரிக்குச் சரி நின்றது. திரையை விலக்கியதும் அதன் மார்க் சரிந்தது, பெரிய அழகான பெட்டிகளின் மார்க் ஏறியது. இன்னும் சுவாரஸ்யம்: ஸ்பீக்கரை அறையில் வேறு இடத்துக்கு நகர்த்தினால் ஒலி மாறும். திரைக்குப் பின்னால் இருந்தபோது அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்து மார்க்கை மாற்றியவர்கள், கண்ணால் பார்த்தபோது அதைக் கவனிக்கவே இல்லை. கண் தீர்ப்பு எழுதிய பிறகு காது கையெழுத்து போட்டிருக்கிறது.

பிறகு ஹார்மனில், ஒவ்வொரு ஸ்பீக்கரும் சில விநாடிகளில் அதே இடத்துக்கு வந்து நிற்கும்படி ஒரு இயந்திர மேடையையே கட்டினார்கள். 2003-இல் ஆலிவ் 268 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், பயிற்சி பெற்றவர், மாணவர், கடை விற்பனையாளர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் ஸ்பீக்கர்களை அடுக்கினார்கள். பயிற்சி உள்ளவர்கள் அதே தீர்ப்பைத் தடுமாறாமல் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

டூலின் ஆய்வில் ஒரு வரி என்னை நிறுத்தியது. காது கொஞ்சம் பழுதானவர்களின் மார்க் இந்தப் பொது வரிசையில் நிற்கவில்லை. ஆளுக்கு ஒரு மாதிரி, ஏன், ஒரே ஆளே ஒவ்வொரு தடவை ஒரு மாதிரி. பின்னாளில் தன் காதுக்கும் வயதாகிவிட்டது என்று தெரிந்ததும் டூல் தானே கேட்கும் குழுவிலிருந்து விலகிக்கொண்டார்.

என் மாமனாருக்கு வயது 71. கும்பகோணம் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி போன பிறகு எங்களோடு மும்பையில் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க டிரான்சிஸ்டரிலும் டேப் ரெக்கார்டரிலும் கச்சேரி கேட்டவர். "ஒரு தடவையாவது மிருதங்கத்தோட தொப்பி ஒலிக்கிற மாதிரி கேட்கணும் மாப்ளே" என்றார். பென்ஷனில் சேர்த்துவைத்த பணம், தானே கொடுப்பேன் என்று பிடிவாதம். இரண்டு வருடத்துக்கு முன்னால் இ.என்.டி. டாக்டர் எடுத்த ஆடியோகிராம் வீட்டில் இருக்கிறது. அதன் கோடு மூவாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பிறகு மாடிப்படி மாதிரி கீழே இறங்குகிறது. மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். மாமா அந்தக் காகிதத்தை எல்.ஐ.சி. பாலிசிகளுக்கு நடுவில் வைத்துவிட்டார்.

ஒரு இரண்டாம் சனிக்கிழமை காலையில், கூட்டம் வருவதற்கு முன், லேமிங்டன் ரோடு பக்கம் ஒரு கடைக்கு நான், மனைவி, மாமா மூவரும் போனோம். இரண்டு ஜோடிகளைத் தேர்ந்து வைத்திருந்தேன். ஒன்று 62 ஆயிரம், பளபளக்கும் மரம், தங்க நிறக் கூம்பு. இன்னொன்று 28 ஆயிரம், கறுப்புப் பெட்டி, பார்க்க ஒன்றுமே இல்லை. கண் திறந்து கேட்டபோது மாமா ஒரு நிமிடத்தில் தங்கத்துக்கு ஓட்டுப் போட்டார்.

கடைப் பையனிடம் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஸ்பீக்கர், பக்கத்தில் பக்கத்தில். 'ஷ்ஷ்ஷ்' என்று வரும் சோதனை ஒலியைப் போட்டு, போனில் உள்ள டெசிபல் மீட்டரை மாமாவின் காது இருக்கும் இடத்தில் வைத்து, இரண்டையும் சமப்படுத்தினோம். தங்கம் மூன்று டெசிபல் கூடுதலாகப் பேசிக்கொண்டிருந்தது! பையனே சிரித்துவிட்டான். பிறகு மாமா தன் துண்டை எடுத்துக் கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். கடையில் இருந்த இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள்.

தனி ஆவர்த்தனம் ஒன்று போட்டோம். ஆறு தடவை மாற்றியதில் ஐந்து தடவை கறுப்புப் பெட்டியைத்தான் சொன்னார். "இதுல தொப்பி தோல் மாதிரி இருக்கு. அது ஏதோ டிரம் மாதிரி உருண்டு வருது." தம்புரா போட்டபோது மட்டும் குழம்பினார். எனக்குத் தங்கத்தில் தந்தியின் மேல் ரீங்காரம் பளிச்சென்று கேட்டது. அவருக்கு இரண்டும் ஒன்றாக இருந்தது.

கடைசியாக பி.பி.சி. வழி. என் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். அதே வார்த்தைகளை முந்தின நாள் வீட்டில் என் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். மாற்றி மாற்றிப் போட்டோம். கறுப்புப் பெட்டியைக் கேட்டு, "இது நீதான்" என்றார். தங்கத்தைக் கேட்டு, "உனக்குச் சளி பிடிச்சிருக்கா பாப்பா?" என்றார். கட்டை அவிழ்த்ததும் எது எது என்று பார்த்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

டீ குடிக்கும்போது கேட்டார்: "அந்தத் தம்புராவுல உங்களுக்கு என்னமோ கேட்டுதுன்னீங்களே, அது எனக்குக் கேட்கவே கேட்காதா?"

அங்கேதான் அவருக்கு வில்ச்சரின் மீதிக் கதையைச் சொன்னேன். 1967-இல் ஏ.ஆர். கம்பெனியை விற்றுவிட்டு அவர் காது கேட்கும் கருவிகளின் ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். பழைய கருவிகள் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெரிதாக்கும். காது பழுதானவருக்கோ மெல்லிய ஒலி கேட்காது, பெரிய ஒலி சாதாரணமாகவே இருக்கும். அதனால் பாத்திரம் விழுந்தால் உயிர் போகும், பேச்சு மட்டும் புரியாது. வில்ச்சர் ஒலியை மேல் கீழ் என்று பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மெல்லியதை மட்டும் அதிகமாகத் தூக்கும் முறையை 1973-இல் எழுதி வெளியிட்டார். காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைய டிஜிட்டல் மெஷின்கள் அந்த வழியில்தான் வேலை செய்கின்றன. 2011-இல் காலமானார்.

"அந்த ஸ்பீக்கர்காரரா?" என்றார் மாமா.

"அதே ஸ்பீக்கர்காரர்தான் மாமா."

கறுப்பு ஜோடியை வாங்கினோம். மிச்சம் 34 ஆயிரம். அது ஒரு காதுக்குத்தான் வரும் என்று டாக்டரின் கிளினிக்கில் சொன்னார்கள், இன்னொரு காதுக்கு நான் போடுகிறேன் என்றேன். "முதல்ல ஒண்ணைப் போட்டுப் பார்ப்போம், அப்புறம் ரெண்டாவது" என்றார். திரும்பவும் ஒப்பீடு! அடுத்த சனிக்கிழமை ட்ரையலுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறது. தம்புரா ரெக்கார்டிங்கை என் போனில் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார், கிளினிக்கில் கேட்டுப் பார்க்க.

ஸ்பீக்கர்கள் இப்போது ஹாலில் இரண்டு முக்காலிகள்மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிற்கின்றன. புத்தக அலமாரிக்குள் திணித்தால் பேஸ் கொழகொழவென்று ஆகிவிடும். பேருக்குத்தான் புக்‌ஷெல்ஃப்.